பிளஸ் டூ வேதியியல்: தேர்வு எதை அளக்கிறது?

பிளஸ் டூ வேதியியல் புத்தகத்தின் வேதிவினை வேகவியல் பாடத்தில் ஒரு கணக்கு உண்டு. முதல் வகை வினை, அதாவது மிஞ்சியிருக்கும் பொருளின் அளவுக்கேற்ப வேகம் அமையும் வினை, ஒன்று 99.9% முடிய ஆகும் நேரம், அதன் அரை வாழ் காலத்தைப் போல ஏறக்குறைய 10 மடங்கு என்று காட்ட வேண்டும். தேர்வுக்குத் தயாராகும் பிள்ளைகளுக்கு இது அத்துபடி. வினைவேக மாறிலிக்கான சமன்பாட்டை எழுது, 100ஐ 0.1ஆல் வகு, 1000 வரும், அதன் மடக்கை 3, அதை 2.303ஆல் பெருக்கினால் 6.909. அரை வாழ் காலத்தில் வரும் 0.693ஆல் அதை வகுத்தால் 9.97. ஆகவே 10 மடங்கு. கணக்கு முடிந்தது.

இதே கணக்கை வேறு வழியாகவும் பார்க்கலாம். அரை வாழ் காலம் என்றால் இருப்பதில் பாதி தீரும் நேரம். ஒரு முறை கழிந்தால் பாதி மிஞ்சும், இரண்டு முறை கழிந்தால் கால், மூன்றாவது முறை அரைக்கால். இப்படியே பத்து முறை பாதியாக்கினால் மிஞ்சுவது 1024இல் ஒரு பங்கு, அதாவது ஏறக்குறைய 0.1%. மடக்கை அட்டவணையே தேவையில்லை.

முதல் வழியைக் கண்ணை மூடிக்கொண்டு எழுதும் பிள்ளைகளிடம் இரண்டாவது வழியைச் சொல்லும்போது அவர்கள் முகம் மாறுவதைப் பல தடவை பார்த்திருக்கிறேன். "இவ்வளவுதானா சார்?" என்பார்கள். அவர்கள் கெட்டிக்காரர்கள்தான், உழைப்பவர்கள்தான். ஆனால் அரை வாழ் காலம் என்பது பாத்திரத்துக்குள் ஏதோ பாதியாகிக்கொண்டே போவது என்ற எண்ணம் அவர்கள் மனத்தில் படமாக விழவே இல்லை. விழ வேண்டிய அவசியத்தை எந்தத் தேர்வும் உண்டாக்கவில்லை. இந்தக் கட்டுரை அதைப் பற்றியது.

முதலில் மதிப்பெண் எப்படிப் பிரிகிறது என்று பார்த்துவிடுவோம். தமிழ்நாடு மாநிலப் பாடத்திட்டத்தில் பிளஸ் டூ வேதியியலுக்கு 100 மதிப்பெண். எழுத்துத் தேர்வுக்கு 70, செய்முறைத் தேர்வுக்கு 20, அகமதிப்பீட்டுக்கு 10. முன்பு ஒரு பாடத்துக்கு 200 என்று மொத்தம் 1200 இருந்தது. வேதியியலில் எழுத்துக்கு 150, செய்முறைக்கு 50. 2017இல் வந்த மாற்றம்தான் இதை 600 ஆக்கியது. மாநில அளவில் முதலிடம், இரண்டாமிடம் என்று அறிவிப்பதும் அந்த ஆண்டே நின்றது. அது நல்ல முடிவு.

எழுத்துத் தேர்வின் 70 நான்கு பகுதிகளாக வருகிறது. ஒரு மதிப்பெண் வினா 15. இரண்டு மதிப்பெண்ணில் 9 கேட்டு 6 எழுதச் சொல்வார்கள், மூன்று மதிப்பெண்ணிலும் அதே 9க்கு 6. இந்த இரண்டிலும் ஒவ்வொரு வினா கட்டாயம். ஐந்து மதிப்பெண்ணில் 5 வினா, ஒவ்வொன்றிலும் அல்லது என்று இன்னொன்று. தேர்ச்சிக்கு மொத்தத்தில் 35 வேண்டும், அதில் எழுத்துத் தேர்வில் மட்டும் 70க்கு 15 எடுத்தாக வேண்டும். அந்த 15 என்ற வரம்பு இல்லையென்றால் செய்முறையும் அகமதிப்பீடும் கொடுக்கும் 30ஐ வைத்துக்கொண்டு எழுத்தில் 5 எடுத்தவரும் தேறிவிடலாம். வரம்பு எதற்காக வந்தது என்பது இதிலேயே தெரிகிறது.

கட்டாய வினாதான் மாணவர்களைப் பயமுறுத்துவது. பெரும்பாலும் அது கணக்காகவோ, வினைகளைக் கோத்துச் சேர்மத்தைக் கண்டுபிடிக்கச் சொல்வதாகவோ இருக்கும். மற்றவற்றில் சாய்ஸ் தாராளம். புத்தகத்தில் இருப்பது 15 பாடம். உலோகவியலில் தொடங்கி அணைவு வேதியியல், திடநிலைமை, அயனிச் சமநிலை, மின் வேதியியல் எல்லாம் தாண்டி அன்றாட வாழ்வில் வேதியியல் வரை. கரிம வேதியியல் பிடிக்காத பிள்ளை அந்தப் பக்கமே போகாமல் நல்ல மதிப்பெண் வாங்க முடியும், வாங்கியும் இருக்கிறார்கள். மெல்லக் கற்போருக்கென்று தயாரிக்கப்படும் கையேடுகள் இந்தச் சாய்ஸை நம்பியே இருக்கின்றன. அந்தக் கையேடுகளை நான் குறை சொல்லமாட்டேன். முதல் தலைமுறையாகப் பள்ளி முடிக்கும் ஒரு பிள்ளைக்குத் தேர்ச்சி என்பது வாழ்க்கைப் பிரச்சினை. ஆனால் சென்டம் குறிவைக்கும் பிள்ளையும் அதே முறையில்தான் படிக்கிறார், அளவுதான் அதிகம்.

பழைய நாட்களில் எந்தப் பாடத்திலிருந்து எத்தனை மதிப்பெண் வரும் என்று ப்ளூபிரிண்ட் இருந்தது. புத்தகத்தின் பின்பக்க வினாக்கள்தான், புக் பேக் என்று சொல்வோமே, அவைதான் ஒரு மதிப்பெண்ணுக்கு வேதம். புதிய முறையில் உள்ளிருந்தும் வினா வரும் என்றார்கள், வருகிறது. உடனே என்ன நடந்தது? உள்ளிருந்து எடுக்கக்கூடிய வினாக்களைத் தொகுத்துத் தனிப் புத்தகங்கள் வந்தன. பிள்ளைகள் அவற்றையும் மனப்பாடம் செய்தார்கள். வினா எங்கிருந்து வருகிறது என்பது மாறியது, வினாவின் தன்மை அவ்வளவாக மாறவில்லை. ஆல்டால் குறுக்கம், கன்னிசரோ வினை, ஆஸ்வால்டு நீர்த்தல் விதி, லாந்தனைடு குறுக்கம், ஸ்காட்கி குறைபாடு, நுரை மிதப்பு முறை. இந்தப் பெயர்களைக் கேட்டாலே பழைய மாணவர்களுக்கும் விடை வரிவரியாக ஞாபகம் வரும். நமக்கு ஞாபகம் இருப்பது அந்த வரிகள்தான்.

வேதியியல் ஏன் கடினம் என்று ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ பல்கலைக்கழகத்தில் பல ஆண்டுகள் ஆராய்ந்தவர் அலெக்ஸ் ஜான்ஸ்டன். இந்தப் பாடத்துக்கு மூன்று தளங்கள் உண்டு என்றார். கண்ணால் பார்ப்பது ஒன்று: நிறம் மாறும், வீழ்படிவு இறங்கும், குமிழி வரும். கண்ணுக்குத் தெரியாத அணுக்களும் மூலக்கூறுகளும் அயனிகளும் என்ன செய்கின்றன என்று மனத்தில் பார்ப்பது இரண்டாவது. மூன்றாவது, இதையெல்லாம் குறியீட்டிலும் சமன்பாட்டிலும் கணக்கிலும் எழுதுவது. வேதியியல் தெரிந்தவர் இந்த மூன்றுக்கும் இடையில் போய்ப் போய் வருகிறார், போவதே அவருக்குத் தெரியாது. புதிதாகப் படிக்கும் பிள்ளைக்கு மூன்றும் ஒரே நேரத்தில் தலைமேல் விழுகிறது. பிள்ளை என்ன செய்யும்? எழுதினால் மதிப்பெண் கிடைக்கிற மூன்றாவது தளத்தைப் பிடித்துக்கொள்ளும்.

இது நம் ஊர்ப் பிரச்சினை மட்டுமல்ல. 1983இல் நியூசிலாந்தில் ராஜர் ஆஸ்போர்ன், மார்க் காஸ்குரோவ் என்ற இருவர், கொதிக்கும் தண்ணீரில் வரும் குமிழிக்குள் இருப்பது என்ன என்று பள்ளிப் பிள்ளைகளிடம் கேட்டார்கள். காற்று என்றார்கள் சிலர், ஹைட்ரஜனும் ஆக்சிஜனும் என்றார்கள் இன்னும் பலர். நீராவி என்ற விடை மேல் வகுப்பு மாணவர்களிடம்கூட எளிதாக வரவில்லை. 1987இல் அமெரிக்காவில் சூசன் நரன்பெர்னும் மைல்ஸ் பிக்கரிங்கும் வேறொன்றைக் காட்டினார்கள். வாயு விதிக் கணக்கைச் சரியாகப் போடும் மாணவர்களிடம் அதே விஷயத்தை மூலக்கூறுகளின் படமாகக் கொடுத்துக் கேட்டால் தடுமாறினார்கள். கணக்குத் தெரிவதும் கருத்துத் தெரிவதும் ஒன்றல்ல என்று அதற்குப் பிறகு உலகமெங்கும் பேசினார்கள். குமிழிக் கேள்வியை நம் பிளஸ் டூ வகுப்பில் கேட்டுப் பாருங்கள். ஒரு நிமிடமாவது வகுப்பு அமைதியாகிவிடும்.

நம் எழுத்துத் தேர்வு முழுக்க முழுக்க மூன்றாவது தளத்தில் நடக்கிறது. சமன்பாட்டை வருவி, வினையை எழுது, வரையறு, வேறுபடுத்து. நடுத்தளம், அந்தக் கண்ணுக்குத் தெரியாத கூட்டம் என்ன செய்கிறது என்ற கேள்வி, வினாத்தாளில் இடம் பெறுவதே அபூர்வம். சரி, முதல் தளமாவது, கண்ணால் பார்ப்பதாவது செய்முறைத் தேர்வில் இருக்கிறதே என்று நினைக்கலாம். இருக்கிறது. அது இருக்கும் விதத்தைக் கொஞ்சம் விரிவாகப் பார்க்க வேண்டும், ஏனென்றால் என் மனக்குறை முழுதும் அங்கேதான்.

பொட்டாசியம் பெர்மாங்கனேட் தரம் பார்த்தலை, அதாவது ஒரு கரைசலோடு இன்னொன்றை அளந்து வினைபுரிய விட்டு அதிலுள்ள பொருளின் அளவைக் கண்டுபிடிப்பதை, எடுத்துக்கொள்வோம். பிளஸ் டூவில் அறிவியல் பிரிவு படித்த யாரும் இதை மறந்திருக்க முடியாது. பிப்பெட்டால் 20 மில்லி பெர்ரஸ் சல்பேட் கரைசலைக் கூம்புக் குடுவையில் எடுத்து, அதனுடன் நீர்த்த கந்தக அமிலம் சேர்த்து, பியூரெட்டிலிருந்து ஊதாக் கரைசலைச் சொட்டுச் சொட்டாக விட வேண்டும். விழுந்த இடத்தில் நிறம் தோன்றும், குலுக்கினால் மறையும். ஒரு சொட்டில் மறையாது நின்றுவிடும். குடுவை முழுதும் வெளிர் இளஞ்சிவப்பு. அதுதான் முடிவு நிலை. தனியாக நிலைக்காட்டி எதுவும் வேண்டியதில்லை, கரைசலே காட்டிவிடுகிறது.

இந்த ஒரு சோதனைக்குள் எத்தனை கேள்வி இருக்கிறது பாருங்கள். கந்தக அமிலம் ஏன், ஹைட்ரோகுளோரிக் அமிலம் ஏன் கூடாது? அதிலுள்ள குளோரைடைப் பெர்மாங்கனேட் ஆக்சிஜனேற்றம் செய்து குளோரினாக்கிவிடும், பியூரெட்டில் அளவு கூடுதலாகக் காட்டும். நைட்ரிக் அமிலம்? அதுவே ஆக்சிஜனேற்றி, நம் வேலையில் பாதியை முன்கூட்டியே செய்துவிடும், அளவு குறைந்துபோகும். மற்ற கரைசல்களில் கீழ்ப்பிறையை, அதாவது குழாயில் வளைந்து நிற்கும் கரைசல் மட்டத்தின் அடியைப், பார்த்து அளவெடுக்கிறோம், இதில் ஏன் மேல்பிறை? அடர்ந்த ஊதாவில் கீழ்ப்பிறை தெரியாது. பெர்ரஸ் சல்பேட்டுக்குப் பதில் ஆக்சாலிக் அமிலம் என்றால் 60, 70 டிகிரிக்குச் சூடாக்கச் சொல்கிறார்களே, ஏன்? அப்படிச் சூடாக்கியும் முதல் சில சொட்டுகளின் நிறம் மறைய நேரமாகிறது, பிறகு சட்டென்று மறையத் தொடங்குகிறது. அது ஏன்? வினையில் உண்டாகும் மாங்கனீஸ் அயனியே அந்த வினையை வேகப்படுத்துகிறது. தன் வினைவேக மாற்றம் என்று புத்தகத்தில் வேறொரு பாடத்தில் படித்ததுதான். அது இங்கே, கண் முன்னால், கைக்குள் நடக்கிறது. பாடமும் ஆய்வகமும் சந்திக்கும் இடம் இது.

ஆனால் தேர்வில் என்ன நடக்கிறது? சுருக்கமான செய்முறையை எழுதிக் காட்ட வேண்டும். அட்டவணை போட வேண்டும். இரண்டு அளவீடுகள் ஒத்துப்போக வேண்டும். கடைசியில் கிடைக்கும் நிறை உண்மையான அளவிலிருந்து எவ்வளவு விலகுகிறதோ அதற்கேற்ப மதிப்பெண் குறையும். விடை சரியாக இருக்க வேண்டும் என்பது நியாயமான எதிர்பார்ப்புதான். ஆனால் அதன் விளைவு, பியூரெட்டின் முனையில் காற்றுக்குமிழி நின்றதால் தன் அளவு தப்பிவிட்டது என்று உணர்ந்த பிள்ளைக்கு எதுவும் கிடைப்பதில்லை. பக்கத்து மேசையில் 10.1 என்று கேட்டு 10.1 என்று எழுதிய பிள்ளைக்கு முழுசாகக் கிடைக்கிறது. முதல் பிள்ளை செய்ததல்லவா வேதியியல்?

கரிமப் பொருளைக் கண்டுபிடிக்கும் சோதனையில் இது இன்னும் வெளிப்படை. கொடுத்த பொருள் பென்சால்டிஹைடா, பென்சாயிக் அமிலமா, யூரியாவா, குளுக்கோஸா என்று கண்டுபிடிக்க வேண்டும். ரெக்கார்டில் சோதனை, காண்பன, அறிவன என்று மூன்று கட்டம் இருக்கும். எவ்வளவு அழகான சொற்கள் அவை! கண்டதை ஒரு கட்டத்தில் எழுது, அதிலிருந்து அறிந்ததை அடுத்த கட்டத்தில் எழுது. அறிவியலே அந்த இரண்டு கட்டத்துக்குள் அடங்கிவிடுகிறது. நான் படித்த பள்ளியில் தேர்வுக்கு முன்பே எந்த மேசைக்கு எந்தப் பொருள் என்று கசிந்துவிடும். கசியாவிட்டாலும் வாதுமை வாசனையை வைத்துப் பென்சால்டிஹைடை மூக்கே சொல்லிவிடும். அப்புறம் நாங்கள் அறிவனவை முதலில் எழுதிவிட்டு, அதற்குத் தோதாகக் காண்பனவை நிரப்பினோம். ஆல்டிஹைடைக் கண்டறிய உதவும் டாலன்ஸ் காரணியில் வெள்ளி ஆடி படிந்தது என்று நான் எழுதினேன். என் சோதனைக் குழாயில் அன்று கறுப்பாக ஏதோ படிந்ததே தவிர ஆடி வரவில்லை. குழாய் சுத்தமாக இல்லாவிட்டால் அப்படித்தான் ஆகும் என்பது எனக்குப் பல ஆண்டு கழித்துத் தெரிந்தது. அன்றைக்கே கறுப்பு என்று எழுதி, ஏன் என்று கேட்டிருந்தால் அந்தப் பாடம் அங்கேயே கிடைத்திருக்கும்.

இதற்கு ஆசிரியர்களைக் குறை சொல்வது எளிது, சரியும் அல்ல. ஒரு வகுப்பில் ஐம்பது, அறுபது பேர். ஆய்வகத்தில் இருக்கும் பியூரெட்டுகளில் பாதிக்கு அடைப்பான் கசியும். வேதிப்பொருள் வாங்கக் கையில் வரும் பணம் குறைவு. வெளிப் பள்ளியிலிருந்து வரும் தேர்வாளருக்கு ஒரு நாளில் பல அணிகளை முடித்தாக வேண்டும். நம் பள்ளிப் பிள்ளை செய்முறையில் இரண்டு மதிப்பெண் இழந்து அதனால் கட்-ஆஃபில் பின்னுக்குப் போக வேண்டுமா என்ற கவலையும் உண்டு. எல்லாரும் தாராளமாகப் போடும்போது ஒருவர் மட்டும் கண்டிப்பாக இருந்தால் அவர் பிள்ளைகள்தான் பாதிக்கப்படுவார்கள். நான் பார்த்த வரையில் 20க்கு 20 என்பதே சாதாரணம். எல்லாருக்கும் ஒரே மதிப்பெண் கொடுக்கும் தேர்வு யாரையும் அளப்பதில்லை.

இந்தச் செய்முறை மதிப்பெண் ஒரே ஒரு ஆண்டு எதிர்பாராத கனம் பெற்றது. 2021இல் கொரோனாவால் பிளஸ் டூ எழுத்துத் தேர்வு ரத்தானது. மதிப்பெண்ணைக் கணக்கிட ஒரு முறை வகுத்தார்கள்: பத்தாம் வகுப்பிலிருந்து 50%, பிளஸ் ஒன்னிலிருந்து 20%, பிளஸ் டூ செய்முறையும் அகமதிப்பீடும் சேர்த்து 30%. அந்த ஆண்டு மாணவர்களுக்குப் பன்னிரண்டாம் வகுப்பு வேதியியல் என்று சான்றிதழில் நிற்பதற்கு நேரடியாகக் காரணமானது ஆய்வகமும் அகமதிப்பீடும் மட்டும்தான். அவற்றை நாம் எவ்வளவு அசட்டையாக நடத்தி வந்தோம் என்பதை யோசிக்க அது நல்ல வாய்ப்பு. பேச்சு அந்தப் பக்கம் போகவே இல்லை.

அகமதிப்பீட்டின் 10 பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. வருகைக்கு 2, உள்தேர்வுகளுக்கு 4, ஒப்படைவுக்கும் செயல்திட்டத்துக்கும் 2, பாடம் சாராத செயல்பாடுகளுக்கு 2. வகுப்புக்கு ஒழுங்காக வருவது நல்ல பழக்கம்தான், அதை ஏன் வேதியியல் மதிப்பெண்ணாகப் போட வேண்டும் என்பது எனக்குப் புரிந்ததில்லை.

பிளஸ் ஒன் விவகாரத்துக்கு வருவோம். கல்லூரிச் சேர்க்கைக்குப் பிளஸ் டூ மதிப்பெண் மட்டும் போதும் என்று இருந்த காலத்தில் பல பள்ளிகள் பதினொன்றாம் வகுப்பிலேயே பன்னிரண்டாம் வகுப்புப் பாடத்தைத் தொடங்கிவிட்டன. ஒரே பாடத்தை இரண்டு வருடம் அரைத்தார்கள். இதைத் தடுக்கத்தான் 2017–18இல் பிளஸ் ஒன்னுக்கும் பொதுத்தேர்வு வந்தது. 2025இல் வெளியான மாநிலக் கல்விக் கொள்கையை ஒட்டி அந்தத் தேர்வு கைவிடப்பட்டது. இரண்டு ஆண்டு தொடர்ந்து பொதுத்தேர்வு என்பது பிள்ளைகளுக்குப் பெரிய சுமை, அதை நான் மறுக்கவில்லை. ஆனால் வேதியியலைப் பொறுத்தவரை அஸ்திவாரம் முழுதும் பிளஸ் ஒன்னில் இருக்கிறது. மோல் கருத்து, வேதிச் சமநிலை, வெப்ப இயக்கவியல், கரிம வேதியியலின் அடிப்படைகள், கரைசல்கள். மோல் தெரியாத பிள்ளைக்குத் தரம் பார்த்தல் வெறும் பெருக்கல் வகுத்தல். எலக்ட்ரான் எங்கிருந்து எங்கே நகர்கிறது என்பதைப் பதினொன்றில் பிடிக்காத பிள்ளைக்குப் பன்னிரண்டின் கரிம வேதியியல் நூறு தனித்தனி வினைகளின் பட்டியல். இயற்பியலில் ஒரு பாடம் போனால் அடுத்த பாடத்தில் ஏறிக்கொள்ள ஓரளவு இடம் உண்டு. வேதியியலில் பிளஸ் ஒன் விட்டுப்போனால் பிளஸ் டூவில் மனப்பாடம் தவிர வேறு வழி கிடையாது. பொதுத்தேர்வு இல்லாமலே அந்த வகுப்பை உருப்படியாக நடத்த வேண்டிய பொறுப்பு இப்போது பள்ளிகள் மேல் இருக்கிறது.

வேதியியல் மதிப்பெண் எங்கே போய்ச் சேர்கிறது என்பதும் படிக்கும் விதத்தைத் தீர்மானிக்கிறது. பொறியியல் சேர்க்கையின் 200 மதிப்பெண் கட்-ஆஃபில் கணிதம் 100, இயற்பியல் 50, வேதியியல் 50. தமிழ்நாட்டில் 1984 முதல் நுழைவுத்தேர்வு இருந்தது. 2006இல் சட்டம் இயற்றி அதை எடுத்தார்கள். அதிலிருந்து பொறியியலுக்குப் பிளஸ் டூ மதிப்பெண்தான் எல்லாம். அரை மதிப்பெண் வித்தியாசத்தில் தரவரிசையில் பெரிய கூட்டமே முன்னே போய்விடும். அதனால்தான் முடிவு வந்ததும் விடைத்தாள் நகல் கேட்பதும் மறுமதிப்பீடு கேட்பதும். மருத்துவத்துக்கு 2017இலிருந்து நீட். அதில் வேதியியலுக்கு 45 வினா, 180 மதிப்பெண், தவறான விடைக்கு ஒரு மதிப்பெண் போகும், மொத்தத் தாளில் வினாவுக்குச் சராசரி ஒரு நிமிடம். ஒரே பிள்ளை மார்ச்சில் ஐந்து மதிப்பெண் வினாவை உட்தலைப்புப் போட்டு, அடிக்கோடிட்டு எழுத வேண்டும், மே மாதத்தில் ஒரு நிமிடத்தில் ஒரு வட்டத்தைக் கறுப்பாக்க வேண்டும். இரண்டுக்கும் கை பழக்குவதிலேயே காலம் போய்விடுகிறது.

பாடத்திட்டமும் விலகிவிட்டது. திடநிலைமை, புறப்பரப்பு வேதியியல், உலோகவியல் ஆகியவை என்.சி.இ.ஆர்.டி. புத்தகத்திலிருந்தும், பிறகு நீட் பாடத்திட்டத்திலிருந்தும் போய்விட்டன. மாநிலப் புத்தகத்தில் இருக்கின்றன. மாநிலப் புத்தகம் அவற்றை வைத்திருப்பது சரி என்றே நினைக்கிறேன். ஆனால் அந்தப் பாடங்கள் நீட் எழுதும் பிள்ளைக்கு வீண் சுமையாகத் தெரிகின்றன. சி.பி.எஸ்.இ. தேர்வில் ஒரு பத்தியைக் கொடுத்து அதிலிருந்து கேட்கும் வினாக்களும், கூற்று – காரணம் வகை வினாக்களும் வந்துவிட்டன. அவையும் இப்போது பயிற்சிப் புத்தகங்களில் வகைவகையாகக் கிடைக்கின்றன என்பது வேறு விஷயம்.

மொழியைப் பற்றியும் சொல்ல வேண்டும். தமிழ்வழியில் வேதியியல் படிக்கும் பிள்ளையின் கையில் நல்ல சொற்கள் இருக்கின்றன. ஈனி, மாற்றியம், வீழ்படிவு, கூழ்மம், தாங்கல் கரைசல், பரப்பு கவர்தல். பரப்பு கவர்தல் என்ற சொல்லைக் கேட்டாலே என்ன நடக்கிறது என்பது பாதி புரிந்துவிடுகிறது, ஆங்கிலத்தில் அந்த வசதி கிடையாது. நடுத்தளத்தை மனத்தில் படமாக்கிக் கொள்ளத் தமிழ்ச் சொல் உண்மையிலேயே உதவும். ஆனால் தேர்வு அதைக் காலை வாரிவிட்டதும் உண்டு. 2018 நீட் தேர்வின் தமிழ் வினாத்தாளில் 49 வினாக்களில் மொழிபெயர்ப்புப் பிழை என்று வழக்குப் போனது. வினாவுக்கு 4 வீதம் 196 மதிப்பெண் கொடுக்க வேண்டும் என்று சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை சொன்னது. உச்ச நீதிமன்றத்தில் அது நிற்கவில்லை. பள்ளிப் புத்தகத்தில் படித்த சொல் வினாத்தாளில் இல்லாமல் வேறு சொல் வந்தால், ஒரு நிமிடத்துக்குள் அந்தப் பிள்ளை என்ன செய்ய முடியும்?

இலங்கையில் இதே பாடத்தை இரசாயனவியல் என்று தமிழில் படிக்கிறார்கள். அங்கே தமிழில் வேதியியல் எழுதிய மரபு பழையது. யாழ்ப்பாணத்து மானிப்பாயில் மருத்துவம் கற்பித்த சாமுவேல் ஃபிஸ்க் கிரீனின் முயற்சியால் 'கெமிஸ்தம்' என்ற நூல் 1875இல் அச்சாகியது. உயர்தரத் தேர்வில் முதல் தாளில் 50 பல்தேர்வு வினாக்கள், ஒவ்வொன்றுக்கும் ஐந்து தெரிவு. இரண்டாம் தாளில் அமைப்புக் கட்டுரை வினாக்களும் கட்டுரை வினாக்களும். நம்மைப் போலத் தனியாகச் செய்முறைத் தேர்வு மதிப்பெண் இல்லை. பரிசோதனை பற்றிய அறிவை எழுத்துத் தாளிலேயே சோதிக்கிறார்கள். நாம் தரம் பார்த்தல் என்பதை அவர்கள் நியமிப்பு என்பார்கள், பியூரெட்டை அளவி, பிப்பெட்டைக் குழாயி என்பார்கள். இந்த அமைப்புக் கட்டுரை வினா எனக்குப் பிடிக்கும். ஒரே விஷயத்தைச் சின்னச் சின்னக் கேள்விகளாக உடைத்து, ஒன்றிலிருந்து அடுத்ததற்கு யோசித்து நகர வைக்கலாம். பிள்ளை எந்தப் படியில் தடுக்கி விழுந்தது என்பதும் திருத்துபவருக்குத் தெரியும்.

நம் தேர்வில் என்ன மாற்றலாம்? ஆய்வகத்துக்குப் பணம் வேண்டும், ஆசிரியர் எண்ணிக்கை வேண்டும், அதெல்லாம் அரசு செய்ய வேண்டியவை. ஆனால் வினாவை மாற்ற ஒரு ரூபாய்கூடச் செலவில்லை. உலோகவியலில் ஹால் – ஹெரால்ட் முறையை, அதாவது அலுமினாவிலிருந்து மின்சாரத்தால் அலுமினியத்தைப் பிரிக்கும் முறையை, விளக்கச் சொல்கிறோம். மேட்டூரில் ஒரு காலத்தில் அலுமினியம் எடுக்கும் ஆலை ஓடியது, பக்கத்திலேயே அணையும் நீர்மின் நிலையமும். அலுமினிய ஆலையை அந்த இடத்தில் ஏன் வைத்திருப்பார்கள் என்று கேட்டால், அலுமினாவை அலுமினியமாக்க எவ்வளவு மின்சாரம் போகிறது என்பதிலிருந்து பிள்ளை யோசிக்கத் தொடங்கும். செய்முறையில் விடைக்குக் கொடுக்கும் மதிப்பெண்ணில் கொஞ்சத்தை, உன் அளவு ஏன் தப்பியிருக்கலாம் என்ற கேள்விக்கு மாற்றிக் கொடுக்கலாம். வாய்மொழிக் கேள்விகளை ஒப்புக்குக் கேட்காமல் உண்மையாகவே கேட்கலாம். அப்புறம், படம் வரையச் சொல்லலாம். எலக்ட்ரான் அமைப்புப் படமோ கருவிப் படமோ இல்லை. கரைசலுக்குள் என்ன இருக்கிறது என்ற படம்.

கடைசியாகச் சொன்னதை நான் செய்து பார்த்திருக்கிறேன். இரண்டு குவளை. ஒன்றில் 0.1 மோலார் ஹைட்ரோகுளோரிக் அமிலம், இன்னொன்றில் அதே செறிவில் அசிட்டிக் அமிலம். தண்ணீர் மூலக்கூறுகளை விட்டுவிட்டு, உள்ளே இருப்பதை வரையுங்கள் என்றேன். முதல் குவளையை எல்லாரும் சீக்கிரம் முடித்தார்கள், எல்லாம் அயனிகள். இரண்டாவதில்தான் பேனா நின்றது. பாதி பிரிந்த மாதிரி வரைந்தவர்கள் நிறைய பேர். அமிலம் எவ்வளவு பிரியும் என்று சொல்லும் பிரிகை மாறிலியை வைத்துக் கணக்குப் போட்டுப் பாருங்கள் என்றேன். நூற்றுக்கு ஒன்று, கொஞ்சம் கூட, என்று வந்தது. ஒரு பெண் பழைய படத்தை அடித்துவிட்டு, நோட்டின் முழுப் பக்கத்திலும் நூறு மூலக்கூறுகளைப் புள்ளி புள்ளியாக வைத்து, அதில் ஒன்றை மட்டும் இரண்டாகப் பிரித்தாள். கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். "இன்னும் தண்ணி ஊத்துனா இன்னொன்னு பிரியுமா சார்?" என்று கேட்டாள். ஆஸ்வால்டு நீர்த்தல் விதி அது. ஐந்து மதிப்பெண் விடையாக, வருவித்தலோடு, அதே நோட்டில் அதற்கு முன்பே மூன்று முறை எழுதியிருந்தாள்.